ஐந்தாம் ஆண்டு அழைப்பு

இரண்டு மணிக்கு மேல்தான் அழைப்பேன்.
சாப்பிட்டபின் மனிதர்கள் கொஞ்சம் இளகியிருப்பார்கள்.
நூற்றுப் பதினேழு பெயர்கள்.
வயிற்றில் பெருந்தமனி ஊதிப்போய்
இந்த வேலூருக்கு வந்து
தொடையிடுக்கில் இரண்டு சின்ன வெட்டு வழியாக
துணியும் கம்பியுமான ஒரு குழாயை
உள்ளே விரித்துக்கொண்டு
காட்பாடியில் ரயிலேறிப் போனவர்கள்.

என் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
இருக்கிறார். இறந்துவிட்டார். தொடர்பில் இல்லை.

பேரணாம்பட்டு நயீமுல்லா முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.
தோல் தரம் பிரிப்பவர்.
அன்று திரையில் தன் ரத்தக்குழாயைப் பார்த்துவிட்டு
"கைல குடுத்தா கனம் சொல்லிடுவேன் சார்,
இது மூணாம் தரம்" என்று
டாக்டரிடமே சொன்னவர்.
ஐம்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு மில்லிமீட்டர்.
சுருங்கிவரும் பையின் அளவை
மகனின் பரீட்சை மார்க்கு மாதிரி ஒப்பிக்கிறார்.
"எழுதிக்கம்மா, இருக்கேன்னு."
எழுதினேன்.

குடியாத்தம் எண்ணில் ஒரு பெண்குரல்.
"அவரு போயி எட்டு மாசம்."
வருத்தம் சொல்லிவிட்டு
அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும். எதனால்?
"பாலாத்துப் பாலத்துல லாரி.
உள்ள வச்சது அப்படியே இருந்துச்சாம்,
போஸ்ட்மார்ட்டத்துல சொன்னாங்க."
'வேறு காரணம்' என்று குறியிட்டேன்.
சிகிச்சைக் கணக்கில் அது வெற்றிப் பக்கம் சேரும்.
அந்தம்மா ஃபோனை வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
அங்கே குக்கர் மூன்று விசில் அடித்தது.

தன்பாத் ஹேம்ப்ரமின் மருமகளிடம்
லாட்ஜ் தெருவில் கற்ற இந்தியில் கேட்டேன்:
இரண்டு வருடமாக ஸ்கேனுக்கு வரவில்லையே?
அந்தக் காசில் எருமை வாங்கிவிட்டார்களாம்.
எருமை பால் தருகிறது, ஸ்கேன் என்ன தரும் என்கிறாள்.
எருமைக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

சோளிங்கர் தணிகாசலம், மின்வாரியம்.
"கசியுதாம் மேடம்.
ஏதோ கிளைநரம்பு வழியா ரத்தம் பின்னால திரும்பி வருதாம்.
பார்ப்போம்ங்கறாங்க.
பார்ப்போம்னா என்ன அர்த்தம்?"
நான் பி.காம்.
கோப்புகளைப் புரட்டிய வகையில்
பெரும்பாலும் தானாக உறைந்து அடைபடும் என்று தெரியும்.
பெரும்பாலும் என்ற சொல்லையும் தெரியும்.
மேலே காய்ந்து கிடக்கும் பாலாறு
இரண்டடி தோண்டினால் ஊறும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
"தும்மினா பயம். பைக் பள்ளத்துல இறங்கினா பயம்.
ராத்திரில எம் பொண்டாட்டி
எவ்வயித்துல காத வச்சிக் கேக்குறா."
இருக்கிறார்.

டிசம்பர் கூட்டத்தில் இதெல்லாம் ஒரு கோடாகிவிடும்.
படிக்கட்டு மாதிரி இடமிருந்து வலம் இறங்குகிற கோடு.
ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர்
என் ஃபோனை எடுத்திருக்கிறார்.
இறங்காத இடங்களில்
சின்னச் சின்னக் குறுக்குக் கீறல்கள்.
அவர்கள்தான் தொடர்பில் இல்லாதவர்கள்.
கடைசியாகப் பேசிய நாள்வரை
உயிரோடிருந்ததாகக் கணக்கு.
அதற்குமேல் கணக்கே இல்லை.

எண்பத்து நான்கு. பஹரம்பூர், நித்யானந்த பைராகி.
டிஸ்சார்ஜ் அன்று கவுன்டரில் பில்லை மடித்துக்கொண்டே
"போறேன்" என்றார், தெரிந்த ஒரே தமிழில்.
அப்படிச் சொல்லக்கூடாது,
போயிட்டு வரேன் என்று சொல்லுங்கள் என்றேன்.
லிஃப்ட் வரும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
போயித்து வொரேன். போயித்து வொரேன்.

இன்றோடு ஏழு முறை.
வங்காளத்தில் ஒரு பெண் ஏதோ சொல்கிறாள்.
அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்பதாகத்தான் இருக்கும்.
மூன்றாவது கட்டத்தின்மேல்
பேனா நிற்கிறது.

ஐந்தரைக்குப் பாகாயம் பஸ்.
நாளை
இரண்டு மணிக்கு மேல் அழைக்கலாம்.